கைட்டினேஸைத் தடுத்தால் ஆஸ்துமா அடங்கிவிடுமா?
பூஞ்சை, பூச்சிகளின் உடலுறையில் இருக்கும் கடினமான பொருள் கைட்டின்; அதை வெட்டும் நொதி கைட்டினேஸ். இந்த நொதியைத் தடுத்தால் ஆஸ்துமா குறையும் என்று நான் படித்த கட்டுரை ஒன்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியல்ல. 2004-இல் எலிகளில் கைட்டினேஸ் வகைகளில் ஒன்றான ஏஎம்கேஸ் நொதியைத் தடுத்தபோது ஒவ்வாமை அழற்சி தணிந்தது உண்மைதான். ஆனால் 2017-இல் வந்த ஆய்வைக் கட்டுரை தொடவே இல்லை: அந்த நொதி இல்லாத எலிகளுக்கு வயது ஏற ஏற நுரையீரலில் கைட்டின் துணுக்குகள் தேங்கி, திசு தழும்பேறி இறுகியது, நொதியின் செயல்பாட்டை மீட்டுக் கொடுத்ததும் பாதிப்பு குறைந்தது. மூச்சில் வரும் பூஞ்சை, பூச்சித் துகள்களை அகற்ற அந்த வெட்டும் வேலை தேவை. மேலும், எலியின் நுரையீரலில் மேலோங்குவது ஏஎம்கேஸ், மனித நுரையீரலிலோ கைட்டோட்ரையோசிடேஸ் என்ற வேறொரு கைட்டினேஸ். எலி முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. கைட்டின் பொடியைச் செல்களில் இட்டாலே டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் புரதம்) எகிறுகிறது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய நண்பருக்கு: முதலில் பொடியில் எண்டோடாக்சின் (டிஎன்எஃப்பைத் தானே தூண்டக்கூடிய பாக்டீரியா நச்சு) இருக்கிறதா என்று, அதைக் கண்டறியும் எல்ஏஎல் சோதனையில் பாருங்கள், கழுவாத பொடியில் பெரும்பாலும் இருக்கும். பிறகு சலித்து அளவு பிரியுங்கள். 40 முதல் 70 மைக்ரான் துகள்கள் டிஎன்எஃப்பைத் தூண்டும். அதைவிடச் சிறியவை அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10 என்ற புரதத்தையும் சேர்த்தே தூண்டும். ஒரு பங்கைக் கைட்டினேஸாலும், இன்னொரு பங்கைச் சூட்டில் செயலிழக்கச் செய்த அதே நொதியாலும் பதப்படுத்தி ஒப்பிடுங்கள். முதல் பங்கில் மட்டும் விளைவு மறைந்தால்தான் அது கைட்டினின் வேலை.