ஹெட்போன் ஈக்குவலைசர்: கூட்டுறதுக்கு முதல் குறைக்கப் பழகுங்கோ

ஈக்குவலைசர் என்பது ஒலியின் ஒவ்வொரு அலைவரிசைப் பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி. நம்மட ஆக்கள் அதைத் திறந்தால் கை நேரே பேஸுக்குத்தான், அதாவது கனத்த ஒலிக்குத்தான் போகும். அடுத்தது ட்ரெபிள், அதாவது கூரிய ஒலி. 'ராக்', 'பொப்' என்று போனோடு வரும் செட்டிங்குகளும் பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பாட்டு எடுப்பாக இருக்கும், நிஜமாக இருக்காது. திருகோணமலைக் கோணேசர் கோயில் திருவிழாவில் மைக் இல்லாத தவிலைக் கிட்ட நின்று கேட்டவர்களுக்கு விளங்கும்: கூடு போட்ட விரல் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழும்போது சுள்ளென்று கேட்கும், ஆனால் ஊசி மாதிரிக் குத்தாது. ஹெட்போனில் குத்தினால், பிழை அநேகமாக 6,000 முதல் 10,000 ஹேர்ட்ஸுக்குள் இருக்கும்.

முன்னால் இருந்து வரும் ஒலியைத் தலையும் தோளும் காதுமடலும் மாற்றித்தான் உள்ளே விடுகின்றன. ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் நீளமான காதுக்குழாய் 3,000 ஹேர்ட்ஸ் பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஹெட்போன் இந்தக் கணக்கைக் குழப்புவதால்தான் பாடகர் தலைக்குள் வந்து உட்காருகிறார்.

முதலில் காதைச் சுற்றி இருக்கும் குஷனைப் பாருங்கோ. எங்கட கடற்கரை ஈரத்துக்கும் வியர்வைக்கும் செயற்கைத் தோல் உரிந்துபோகும். இடைவெளி விழுந்தால் பேஸ் ஒழுகிவிடும். மூக்குக்கண்ணாடிக் காம்பும் அதையே செய்யும். இதற்கு ஈக்குவலைசர் மருந்தில்லை.

பிறகு ஹெட்போன் மொடல்களுக்கான ஈக்குவலைசர் செட்டிங்குகளைத் தரும் ஓட்டோஈகியூ (AutoEq) தளத்தில் உங்கள் மொடலுக்கான செட்டிங்கை எடுங்கோ. அதைப் போட, விண்டோஸ் கணினி என்றால் ஈக்குவலைசர் ஏபிஓ (Equalizer APO), பீஸ் (Peace) என்ற மென்பொருள்கள், அண்ட்ரொயிட் என்றால் பவர்அம்ப் ஈக்குவலைசர் செயலி. அதிகபட்சம் 6 டெசிபெல் கூட்டியிருந்தால் ப்ரீஅம்பை (மொத்தச் சத்த அளவை) −6இல் வையுங்கோ, இல்லாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி கிழியும்.

ஓட்டோஈகியூ தரும் அந்த செட்டிங் சராசரிக் காதுக்கானது. ஏறக்குறைய 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே ஒவ்வொருவர் காதும் வேறு, அங்கே மற்றவனின் கிராஃபை நம்பக் கூடாது என்பது என் கட்சி. சத்தத்தை நன்றாகக் குறைத்து, 4,000இலிருந்து 12,000 ஹேர்ட்ஸ் வரை சைன் ஸ்வீப், அதாவது படிப்படியாக ஏறிப்போகும் ஒற்றைத் தொனி, ஓடவிடுங்கோ. திடீரென்று கீச்சிடும் இடத்தில் ஒரு பீக்கிங் ஃபில்டர் (அந்த ஒரு இடத்தை மட்டும் குறைப்பது) போடுங்கோ: கியூ, அதாவது எவ்வளவு ஒடுக்கமாக வெட்டுவது என்ற அளவு, 4; குறைப்பு −3 டெசிபெல்லில் தொடங்கி −6 வரை. அமுங்கிக் கேட்கும் பள்ளங்களை நிரப்பப் போகாதீங்கோ; ஹெட்போன் கொஞ்சம் நகர்ந்தாலே அவை இடம் மாறிவிடும்.

இன்னும் நுணுக்கமாகச் செய்ய ஒலியியல் ஆய்வாளர் டேவிட் கிரீசிங்கரின் முறை இருக்கிறது. நல்ல ஸ்பீக்கர் ஒன்றை நேர் முன்னால் வைத்து, 500 ஹேர்ட்ஸ் சத்தத்தோடு மற்ற அலைவரிசைகளை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கேட்டு, ஒரே அளவாகக் கேட்கும் வரை சரிசெய்வது. ஹெட்போனிலும் இரண்டு காதுக்கும் தனித்தனியாக அதையே செய்தால், ஸ்பீக்கர் கணக்குக்கும் ஹெட்போன் கணக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஈக்குவலைசர். பொறுமை வேணும், ஆனால் பாடகர் தலையை விட்டு முன்னுக்கு வருவது பெரும்பாலும் இதில்தான்.

கச்சான் காற்று வீசும் மத்தியானத்தில் ஃபேனை முழு வேகத்தில் விட்டுக்கொண்டு செட் பண்ணாதீங்கோ. அந்த இரைச்சல் பேஸை மூடும், நீங்கள் கூட்டுவீர்கள், இரவில் போட்டால் கும்மென்று அடைக்கும். ஓன், ஓஃப் செய்து ஒப்பிடும்போதும் இரண்டின் சத்தமும் சமமாக இருக்கவேணும், இல்லாவிட்டால் உரத்ததுதான் எப்போதும் வெல்லும்.

வயலின் ஒரு காதிலும் மிருதங்கம் மறு காதிலுமாகப் பிரித்து வைத்த பழைய ஸ்டீரியோப் பதிவுகளுக்கு ஈக்குவலைசர் போதாது. அவற்றுக்கு மட்டும் க்ரொஸ்ஃபீட் (ஒரு காதின் ஒலியைக் கொஞ்சம் மறு காதுக்கும் கலந்து விடுவது) போடுங்கோ.