குண்டலினி தியானம் துறவிகளுக்கு மட்டுமா?

"குண்டலினி தியானம் குடும்பஸ்தருக்கு ஆகாது, கற்றால் வீடு வாசலை விட்டுக் கிளம்பிவிடுவார்கள்." குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் இந்தச் செய்தி தவறு. குண்டலினி என்பது முதுகெலும்பின் அடியில் இருப்பதாக யோகம் சொல்லும் உயிராற்றல்; அதன்மேல் மனதை வைத்துச் செய்வதுதான் இந்தத் தியானம்.

தமிழ்நாட்டில் இதைப் பரவலாகக் கற்றுக்கொடுத்த வேதாத்திரி மகரிஷியே இல்லறத்தார்தான். கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய மனைவியின் பிறந்தநாளான ஆகஸ்ட் 30-ஐ 'மனைவி நல வேட்பு நாள்' என்று சங்கம் கொண்டாடுகிறது. வீட்டை விடச் சொல்பவர்கள் இப்படி ஒரு நாளை வைப்பார்களா?

அப்புறம், அவர் வகுத்துக் கற்றுக்கொடுத்த மனவளக்கலை என்பது கண்ணை மூடி உட்காருவதோடு முடிவதில்லை. சினம் தவிர்த்தல் என்றொரு பயிற்சி உண்டு: யார் யார்மேல் கோபம் வருகிறது என்று நோட்டில் பட்டியல் போட வேண்டும். எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது பெரும்பாலும் கணவன், மனைவி, பிள்ளை பெயர்தான்! அந்தப் பெயரை மனதில் நினைத்து 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்திப் பழக வேண்டும். மனவளக்கலை கற்றுத்தரும் மன்றத்தில் எல்லோரும் சேர்ந்து தவம் (தியானம்) செய்துவிட்டு, அவரவர் வீட்டுக்குத்தான் திரும்புகிறார்கள்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களிலும் கொல்லாமை, வாய்மை, கள்ளாமை அடங்கிய யமம் என்ற ஒழுக்கம்தான் முதலில், தியானம் ஏழாவது.