பெல் கர்வுக்குக் கணக்குக் காட்ட யாரையாவது பலி கொடுத்தே ஆக வேண்டுமா?

“நீங்க நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா கர்வ்ல ஃபிட் பண்ண முடியல.”

தரமணி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று ஓ.எம்.ஆரில் எந்த ஐ.டி. வளாகத்தில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். அப்ரைசல், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீட்டுச் சமயத்தில் இதைக் கேட்காத ஆளைப் பார்ப்பது கஷ்டம். கர்வ் என்றால் பெல் கர்வ்: இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் நடுவில், இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே சதவீதம் வைத்து ரேட்டிங்கைப் பிரிக்கும் முறை. இந்த வருடம் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். கேட்டதிலிருந்து கொதிப்பு அடங்கவில்லை.

வருடம் முழுக்க ஓர் அமெரிக்க வங்கியின் பழைய சிஸ்டத்தைக் கிளவுடுக்கு மாற்றும் வேலை. அவர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி. ரிலீஸ் எல்லாம் சனிக்கிழமை இரவில்தான். பொங்கலன்றுகூட ப்ரொடக்‌ஷன் இஷ்யூ என்று லேப்டாப்பைத் திறந்தேன். கிளையன்ட் பெயர் சொல்லிப் பாராட்டி மெயில் அனுப்பினார். என் மேனேஜரும் நியாயமான மனிதர். நல்ல ரேட்டிங்தான் போட்டிருந்தார். கடைசியில் போர்ட்டலில் வந்தது வேறு. நடுவில் ‘நார்மலைசேஷன்’ என்று ஒரு மீட்டிங் நடக்கும். என் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் ஓர் எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “உங்க டீம்ல மேல நிறைய பேர் இருக்காங்க, ரெண்டு பேரை இறக்குங்க” என்பார்கள். இறக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் என் ஒரு வருட உழைப்புக்கு மதிப்பு!

பெல் கர்வ் என்கிற மணி வடிவ வளைகோடு புள்ளியியலில் உள்ளதுதான், மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேரின் உயரத்தை அளந்தால் அந்த வடிவம் வரும். அதைக் கொண்டுவந்து எட்டுப் பேர் இருக்கும் டீமில் திணிப்பது என்ன கணக்கு? அதுவும் தேர்வு, இன்டர்வியூ, கிளையன்ட் இன்டர்வியூ என்று சலித்துச் சலித்து எடுத்த எட்டுப் பேர். அதில் பத்து சதவீதம் கீழே இருந்தே ஆக வேண்டும் என்றால், ஒரு முழு ஆள்கூடத் தேறாது. ஆனாலும் ஒரு முழு ஆளைத்தான் கீழே தள்ளுகிறார்கள்.

அந்த ஆளை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. முதலில் ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் பீரியடில் இருப்பவர். அப்படி யாரும் இல்லையா, போன வருடம் ப்ரமோஷன் வாங்கியவர். அவரும் இல்லையா, ப்ராஜெக்டை கிளையன்ட் மூடிவிட்டதால் பில்லிங் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தவர். அப்புறம் பிரசவ விடுப்பு முடிந்து வந்த பெண். 26 வார விடுப்பு 2017 முதல் சட்டத்திலேயே இருக்கும் உரிமை. எங்கள் டீமில் ஒருவர் அந்த விடுப்பு முடிந்து வந்து, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலை பார்த்தார். “இந்த வருஷம் நீங்க பாதி நாள் இல்லையே” என்று சொல்லி அவருக்குக் கீழ் ரேட்டிங். வாயில் எப்படித்தான் வருகிறதோ இந்தப் பேச்சு.

இந்த முறைக்குப் பேர் வாங்கித் தந்தவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜேக் வெல்ச். மேலே 20, நடுவில் 70, கீழே 10. அந்தப் பத்து சதவீதம் வெளியே போக வேண்டும். அந்தக் கம்பெனியே பின்னாளில் அந்தக் கறாரை விட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இதைத் தூக்கிப் போட்டது. வெளியே இருக்கும் போட்டியாளரை விட்டுவிட்டு ஊழியர்கள் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு மோதுகிறார்கள் என்ற குமுறல் அங்கே அந்த அளவுக்கு இருந்தது. அவர்கள் வேண்டாம் என்று எறிந்ததை நம் ஆட்கள் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

அந்த மோதல் எங்கள் தளத்தில் தினமும் நடக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் அதைப் பகிர மாட்டார்கள். எழுதியவர் லீவில் போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சொல்லிக்கொடுத்த நேரம் எந்த கே.ஆர்.ஏ.விலும், அதாவது மதிப்பீட்டுக்கான வேலை இலக்குப் பட்டியலிலும், ஏறாதே! இந்தப் பிள்ளைகள் வாங்குவது வருடத்துக்கு மூன்றரை லட்சம் சொச்சம். பத்துப் பதினைந்து வருடமாக ஃப்ரெஷர் சம்பளம் ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கிறது. அவர்களையும் இதே கர்வில் போட்டு நசுக்குகிறார்கள்.

ரேட்டிங் குறைந்தால் சம்பள ஹைக் போச்சு, ரேட்டிங்கைப் பொறுத்துத் தரும் வேரியபிள் பே போச்சு, வெளிநாடு போகும் ஆன்சைட் வாய்ப்பு போச்சு, வேறு ப்ராஜெக்டுக்கு மாறவும் விட மாட்டார்கள். இரண்டாவது முறையும் குறைந்தால் பி.ஐ.பி., அதாவது ‘இத்தனை நாளில் தேறிக் காட்டு’ என்று கெடு வைக்கும் திட்டம். அப்புறம் ஒரு நாள் ஹெச்.ஆர். தனி அறைக்குக் கூப்பிட்டு, “நீங்களே பேப்பர் போட்டுட்டா உங்க ரெக்கார்டுக்கு நல்லது” என்பார். யாருக்கு நல்லது? ஆட்குறைப்பு என்று எழுத்தில் வந்தால், தொழிலாளர் சட்டத்துக்குள் வரும் ஊழியருக்கு வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு தர வேண்டும். நாமே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அது கம்பெனிக்கு மிச்சம். தயவுசெய்து அந்த அறையில் எதிலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அது தெரியாதவர்கள் இன்னும் எத்தனையோ பேர்.

ஹைக் கொடுக்க பட்ஜெட் இல்லையா, இல்லை என்று சொல்லுங்கள். கோபம் வரும், ஆனால் புரியும். பணம் இல்லாததை என் தலையில் கட்டி, “உங்க பெர்ஃபார்மன்ஸ் சராசரிதான்” என்று ரெக்கார்டில் ஏற்றுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மேனேஜர் போட்ட ரேட்டிங்கை யார் மாற்றினார்கள், எதை வைத்து மாற்றினார்கள் என்று மெயிலில் கேட்டிருக்கிறேன். “ரேட்டிங் இறுதியானது” என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. போர்ட்டலில் இருக்கும் ‘அக்ஸெப்ட்’ பொத்தானை நான் அழுத்தப் போவதில்லை. கெடு முடிந்தால் அது தானாகவே ஏற்றுக்கொண்டதாகக் காட்டுமாம். காட்டட்டும். நான் ஏற்கவில்லை என்பது என் மெயிலில் தேதியோடு இருக்கிறது, மேலிடம் வரைக்கும் சிசி போட்டிருக்கிறேன்.