சாமி முதியோர் பராமரிப்பு: ஒரு திருத்தம்

வடக்கு நார்வேயின் பழங்குடியினரான சாமி மக்கள் தம் முதியோரைத் தாமே பார்த்துக்கொள்வதால்தான் மறதிநோய்க்கு அரசு உதவியை நாடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே உறவுப் பிணைப்பு வலுவானது என்பது உண்மை. தயக்கத்துக்கு அதை மட்டுமே காரணமாக்குவது தவறு.

இன்று எண்பதைக் கடந்த சாமி முதியோரில் பலர், வீட்டில் தாய்மொழி மட்டுமே பேசி வளர்ந்து, உறைவிடப் பள்ளிகளில் நார்வேஜிய மொழிக்குள் திடீரெனத் தள்ளப்பட்டவர்கள். வகுப்பறையில் தவிர்க்க முடியாதபோது மட்டுமே சாமி மொழியை அனுமதித்தது 1898ஆம் ஆண்டின் அரசு ஆணை. சாமி மொழி மீண்டும் பயிற்றுமொழியாகச் சட்டம் இடம் கொடுத்தது 1959இல்தான். அந்த அனுபவம் உள்ளவர்கள் அதே அரசின் கதவைத் தட்டத் தயங்குவதை இனத்தின் இயல்பு என்று சொல்லிவிட முடியாது.

மொழிச் சிக்கல் நோயோடு சேர்ந்து வளரவும் செய்கிறது. மறதிநோயில், பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவக்கூடும். நார்வேஜியத்தில் "இன்று என்ன கிழமை?" என்று கேட்டால் வெறித்துப் பார்க்கும் ஒரு மூதாட்டி, சாமி மொழியில் கேட்டால் சரியாகப் பதில் சொல்லலாம், அப்போது நார்வேஜியத்தில் நடந்த சோதனையின் மதிப்பெண்ணை நம்பி நோயின் கடுமையை அளவிட முடியாது. கராஷோக், கௌட்டோகெய்னோ உள்ளிட்ட ஊர்களில், அதாவது நார்வேஜியத்தோடு சாமி மொழிக்கும் அரசு மொழித் தகுதி உள்ள "சாமி மொழி நிர்வாகப் பகுதி"யில், மருத்துவச் சேவையைத் தாய்மொழியில் பெறும் உரிமையைச் சட்டம் 1992 முதல் தருகிறது. ஆனால், அம்மொழி பேசும் செவிலியர் பணியில் இல்லாத நாளில் அந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

"அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று ஊழியர்களும் நம்பிவிட்டால், உதவி தேவையா என்று அந்த வீட்டில் கேட்பதற்குக்கூட எவரும் போகமாட்டார்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.