ஆச்சியின் காணியில் எனக்குக் கண்ணாம்

போன கிழமை திருகோணமலையில் நிலாவெளி ரோட்டில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டினேன். உள்ளே இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியில் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

"இவன் ஏன் அந்த ஆச்சியைக் கிளினிக்குக்கு ஏத்தி இறக்கித் திரியிறான் எண்டு நினைக்கிறாய்? 20 பேர்ச் காணி. கடற்கரையில இருந்து கூப்பிடு தூரம்."

கதை என்னைப் பற்றியும் எங்கள் அயல் ஆச்சியைப் பற்றியும்தான். மற்றவர் சிரித்தார். "சோழியன் குடுமி சும்மா ஆடுமோ?"

தேத்தண்ணி குடிக்காமலே திரும்பி வந்துவிட்டேன். அவர்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து சொதியில் உப்புக் கூட என்று மனைவியோடு சண்டை பிடித்தேன். அவள் சொதியை ஒருக்கா நாக்கில் விட்டுப் பார்த்துவிட்டு, "கடையில ஆரும் ஏதும் சொன்னவையோ?" என்று கேட்டாள். பதினாறு வருசம் ஒரு வீட்டில் இருந்தால் உப்பின் கணக்கும் மற்றதின் கணக்கும் வேறு வேறாகத் தெரியும்போல.

அன்றிரவு முழுக்க ஒரே யோசனை. பொய்யான பழி என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாமே, ஏன் இவ்வளவு கொதிப்பு? அந்தக் காணி எனக்கு வேண்டாம், அது சத்தியம். ஆனால் "சும்மா செய்ய மாட்டான்" என்று அந்த மனுசன் சொன்னது சரி. குடுமி ஆடுகிறதுதான். எந்தக் காற்றில் என்பதில்தான் அவர் பிழை விட்டார்.

அமெரிக்காவில் 1970களில் மைக்கேல் கசானிகா என்ற மூளை ஆய்வாளர் செய்த ஒரு பரிசோதனை எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். கடும் வலிப்பு நோய்க்காக மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிவிட்ட நோயாளி ஒருவர். பேச்சு இருக்கும் இடப்பாதிக்கு ஒரு கோழிக்காலைக் காட்டினார்கள். பேச்சில்லாத வலப்பாதிக்குப் பனி மூடிய இடத்தைக் காட்டினார்கள். பிறகு படங்களைப் பரப்பிவைத்து, பொருந்துவதை எடுக்கச் சொன்னார்கள். இடப்பாதி ஆட்டும் வலது கை கோழியைக் காட்டியது, வலப்பாதி ஆட்டும் இடது கை மண்வெட்டி மாதிரியான பனி அள்ளும் சவளைக் காட்டியது. ஏன் என்று கேட்டதும் அந்த மனிதர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கூட்டைத் துப்புரவாக்கச் சவள் என்று சொன்னார். அவருடைய பேசும் பாதி பனியைக் காணவே இல்லை. ஆனாலும் தெரியாது என்று சொல்லவில்லை, உடனே ஒரு காரணம் கட்டிவிட்டது. அது பொய் என்றும் அவருக்குத் தெரியாது.

நமக்கு ஆரும் மூளையை வெட்டவில்லை. இருந்தாலும் கோழிக்கூட்டுக் கதை கட்டாத ஆள் எங்கே இருக்கிறார்?

என்னுடைய கோழிக்கூட்டுக் கதை இதுதான்.

2004 மார்கழி 26. ஞாயிறு, பௌர்ணமிப் போயா, நத்தாருக்கு மறுநாள். அப்போது நாங்கள் அலஸ்தோட்டத்தில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தோம். காலமை கடல் ஏறுகுது என்று சனம் கத்திக்கொண்டு ஓடியது. நான் அம்மாவையும் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினேன். ஆச்சியின் படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டினேன். கூப்பிடவில்லை.

ஆச்சி தப்பிவிட்டா. பேர்கூடத் தெரியாத ஒரு மீன்காரப் பொடியன் இடுப்பளவு தண்ணியில் குசினிக்குள் இறங்கி அவவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பிறகு ஆரும் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: "ஆச்சி மகளிட வீட்ட போயிருப்பா எண்டு நினைச்சன்." வருசக்கணக்காகச் சொல்லி அது எனக்கே உண்மையாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு ஓடும்போது வாசல்படியில் ஆச்சியின் பாட்டா செருப்பு கிடந்தது. வார் அறுந்து ஊசி குத்தியிருந்த நீலச் செருப்பு. அதை நான் பார்த்தேன். அது அங்கே கிடந்தால் ஆச்சி உள்ளேதான் என்று ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதற்கும் என்னிடம் ஒரு சாட்டு இருக்கிறது. 1973இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கிறிஸ்தவக் குருத்துவம் படிக்கும் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று. பேச்சுக் கொடுக்கப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவியவனைப் பற்றிய பைபிள் கதை. வழியில் ஒருவர் குனிந்து இருமி முனகிக்கொண்டிருப்பார், அது ஏற்பாடு செய்தது. ஆறுதலாகப் போனவர்களில் 63 வீதம் பேர் நின்று உதவினார்கள். நேரம் பிந்திவிட்டது, ஓடு என்று சொல்லி அனுப்பியவர்களில் 10 வீதம்தான். பக்தி, படிப்பு, தலைப்பு எல்லாவற்றையும் விட அவசரம்தான் ஆளைத் தீர்மானித்தது.

இதை முதலில் வாசித்தபோது கண் கலங்கியது. பார், நான் மட்டுமில்லை, எல்லா மனிதரும் இப்படித்தான் என்று. பிறகுதான் உறைத்தது, இதுவும் கோழிக்கூடு கட்டுகிற வேலை. ஆய்வு உண்மை. அதை நான் தூக்கிக்கொண்டு திரிவதற்கான காரணம் வேறு.

ஆகவே, தேத்தண்ணிக் கடை ஐயா, ஆச்சியை நான் கிளினிக்குக்குக் கொண்டுபோவது காணிக்காக இல்லை. அந்த நீலச் செருப்புக்காக.

இப்போது சிலர் சொல்வார்கள்: அப்போ அதுவும் சுயநலம்தானே, உன் மனம் ஆறத்தானே செய்கிறாய் என்று. இந்தக் கதையைச் சொல்பவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி ஒரு முகம் இருக்கும். எனக்கு இது சோம்பேறிக் கதை. கொடுக்கிறவனும் சுயநலம், பறிக்கிறவனும் சுயநலம் என்றால் அந்தச் சொல்லை வைத்து நீங்கள் எதைப் பிரித்துக் காட்டப்போகிறீர்கள்? லோசார்ட்டன் குளிசை, "இதை ஏன் வாங்கித் தந்தவன்?" என்று விசாரித்துவிட்டு ஆச்சியின் பிரஷரைக் குறைப்பதில்லை.

அதற்காக உள்நோக்கம் எதுவானால் என்ன என்று விட்டுவிடவும் முடியாது. அது எங்காவது கசியும். போன ஆனியில் ஆச்சியின் பெறாமகன் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து, "இந்த முறை நான் கூட்டிக்கொண்டு போறன் அண்ணை" என்றார். நல்ல பொடியன். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்ததோ எரிச்சல். கிளினிக் கொப்பி எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, ஆச்சி வைத்திருப்பா என்று சொல்லிவிட்டேன். கொப்பி என் வீட்டு அலுமாரியில்தான் இருந்தது. பத்து நிமிசம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் அந்தப் பத்து நிமிசம் அன்பு இல்லை. கடன்காரனுக்குத் தன் கடனை வேறு ஆள் கட்டினால் பிடிக்காது.

எங்கள் ஊர்க் கோபங்களையும் இப்படித் தோண்டிப் பார்க்கலாம். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு இருக்கிறது. மலையையே பெயர்க்கப் பார்த்து, ஆத்திரத்தில் வாளால் வெட்டினான் என்பது ஐதீகம். அவன் அதைப் பெயர்க்க வந்ததே தாய்க்காகத்தான். கன்னியாயில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அந்தத் தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கியவை என்பார்கள். சனம் அங்கே போய் அந்தியேட்டி செய்து வந்திருக்கிறது. வெட்டை மட்டும் பார்த்தால் ஒரு முரடன், கிணற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பிள்ளை. "கலியாண வீட்டுக்கு எங்களுக்கு ஒழுங்காச் சொல்லேல்ல" என்று பத்து வருசம் கதைக்காமல் இருக்கும் சித்தப்பாக்களிடமும் அடியில் ஏதோ ஒரு கிணறு இருக்கும். பெரும்பாலும் "என்னை ஒரு ஆளா எண்ணேல்ல" என்ற சூடு. அதைச் சொல்ல வெட்கம், ஆகவே கார்ட்டைப் பற்றிச் சண்டை.

சாமியிடம் நாங்கள் இப்படி இல்லை. கோயிலடி மரத்தில் சின்னத் தொட்டில் கட்டுகிறவர் வேறு கதை அளப்பதில்லை: எனக்குப் பிள்ளை வேண்டும், அவ்வளவுதான். மனிதரிடம்தான் நமக்கு இவ்வளவு சுற்றுப்பாதை.

இதை எழுதுவதற்கும் ஒரு உள்நோக்கம் இருக்கும். கடையில் கதைத்த இரண்டு பேரும் என் நட்பு வட்டத்தில் இருக்கிறார்கள், அது ஒன்று. நல்லவன் என்ற பேர் போனாலும் நேர்மையானவன் என்ற பேராவது மிஞ்சட்டும் என்ற ஆசை இன்னொன்று. மூன்றாவது, ஆச்சியின் மகள் லண்டனில் இருந்து என் பதிவுகளை வாசிக்கிறவ. ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் எடுத்து, "நீர் இல்லாட்டி அம்மா என்ன செய்திருப்பா" என்பா. நான் "அதெல்லாம் ஒண்டுமில்லை அக்கா" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

அக்கா, செருப்பு வாசலில்தான் கிடந்தது.

நாளைக்குக் கிளினிக். ஆறு மணிக்குப் போனால்தான் நம்பர் கிடைக்கும்.