வாசலில் வணக்கம் சொல்வதோடு முடியவில்லை

கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த இறைமக்கள் சமூகத்தில், புதியவர்களை ஈர்க்க வாசலில் வரவேற்புக் குழு, நல்ல ஒலிபெருக்கி, பாடல் வரிகளுக்குத் திரை வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இருக்கட்டும். ஆனால் காரைக்குடியின் நிலைமை வேறு. அழகப்பா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருபவர்கள், மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மாற்றலாகி வருபவர்கள் எனப் பலரும் சில ஆண்டுகளில் கிளம்பிவிடுகிறார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு வார்த்தை பேச ஆளின்றி பஸ் ஏறும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு மனம் வலிக்கிறது.

இதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது: பங்குக்குள் இயங்கும் சிறு குழுவான அன்பியம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறைவைத்து ஒருவர் வீட்டில் கூடி, விவிலியம் வாசித்து, யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலையில்லை என்று கேட்பதுதானே அதன் உயிர்? தொடக்கத் திருச்சபையும் வீடுகளில்தான் கூடியது. பிரிஸ்கா, அக்கிலா தம்பதியின் வீட்டுச் சபைக்குத் திருத்தூதர் பவுல் தம் மடலில் வாழ்த்துச் சொல்கிறார். இன்று பல இடங்களில் அன்பியம் செபமாலையோடும் சந்தாக் கணக்கோடும் நின்றுவிடுகிறது. வாடகை வீட்டுக்காரர்களும் விடுதி மாணவர்களும் பட்டியலிலேயே இல்லை.

தேவகோட்டைப் பக்கம் சருகணியில் கத்தோலிக்கக் குருவான லெவே அடிகளார் 1973-இல் மறைந்தார். பிரான்சில் பிறந்தவரை இன்றும் தங்கள் சாமியாராகவே அம்மக்கள் நினைக்கிறார்கள். அவரிடம் திரையா இருந்தது?

இன்னொன்றையும் கட்டுரை தொடவில்லை. சாதி பார்த்து உட்காரும் இடத்தில் எந்த வரவேற்புக் குழுவும் பயன்படாது. பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடும் பங்குப் பேரவை முதலில் இதைப் பேசட்டும், விடுதி மாணவர் ஒருவரையும் அதில் உறுப்பினராக்கட்டும்.