வியாழனா, புதனா?

(நாடக அரங்கின் தாழ்வாரம். 'ரோமியோவும் ஜூலியட்டும்' தமிழில் நடந்து முடிந்து, கூட்டம் கலைந்துவிட்டது. மழை விடட்டும் என்று இருவர் மட்டும் நிற்கிறார்கள். மூத்தவர், வாழ்நாளெல்லாம் பிறருடைய கடிதங்களைச் சுமந்து ஓய்வு பெற்ற தபால்காரர். இளையவர், திருமணத் தரகர். தபால்காரரின் கண்கள் சிவந்திருக்கின்றன. அது துக்கம் என்று தரகர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.)

தரகர்: மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் அண்ணா. சின்னஞ்சிறுசுகள் அவசரப்பட்டுச் செய்துகொண்ட காரியத்துக்கு நாம் என்ன செய்ய முடியும்? ஞாயிற்றுக்கிழமை இரவு விருந்தில் பார்த்துக்கொள்கிறார்கள்; திங்கட்கிழமை பிற்பகல் திருமணம் முடிந்துவிடுகிறது; வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போது இருவரும் கல்லறையில் கிடக்கிறார்கள். என் தொழிலில், பையனின் புகைப்படம் பெண் வீட்டாரின் கைக்குப் போய், அத்தை, சித்தி, பெரியப்பா என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவதற்கே இதைவிட அதிக நாள் பிடிக்கும்.

தபால்காரர்: நான் அவர்களுக்காகக் கண் கலங்கவில்லை தம்பி. பட்டுவாடா ஆகாத அந்தக் கடிதத்தை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

தரகர்: இரண்டு உயிர் போயிருக்கிறது, நீங்கள் ஒரு கடிதத்துக்காகவா வருந்துகிறீர்கள்?

தபால்காரர்: இரண்டு அல்ல, ஆறு. ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ, ஜூலியட்டின் உறவினன் டிபால்ட், ஜூலியட்டைப் பெண் கேட்ட பாரிஸ், காதலர் இருவர், மகன் நாடு கடத்தப்பட்ட துயரம் தாளாமல் திரைக்குப் பின்னாலேயே இறந்துபோன ரோமியோவின் தாய். நீங்கள் இரண்டோடு நிறுத்திவிட்டீர்கள். கடிதங்களும் அப்படித்தான். இந்த நாடகத்தில் கடிதம் ஒன்றல்ல, நான்கு. நேற்று நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பை வாங்கி, முன்னுரை உட்பட ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். வெரோனா நகரத்தின் தபால் நிர்வாகத்தைப் போல மோசமான ஒன்றை நான் படித்ததே இல்லை.

தரகர்: நான்கா? எனக்கு ஒன்றுதானே கண்ணில் பட்டது?

தபால்காரர்: சொல்கிறேன், கேளுங்கள். முதலாவது, விருந்தாளிகளின் பட்டியல். ஜூலியட்டின் தந்தை கேபுலட், தம் வீட்டு விருந்துக்கு யார் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதி ஒரு வேலையாளிடம் கொடுக்கிறார். அந்த வேலையாளுக்கு எழுத்து வாசனையே கிடையாது. அவன் அதைத் தெருவில் எடுத்துக்கொண்டு போய், எதிரே வந்த இளைஞனிடம் படித்துச் சொல்லுமாறு கேட்கிறான். அந்த இளைஞன் வேறு யாருமில்லை, பகையாளி மாண்டேக்யூவின் மகன் ரோமியோ! படித்துச் சொன்ன புண்ணியத்துக்கு, 'நீங்கள் மாண்டேக்யூ வீட்டாராக இல்லாவிட்டால் நீங்களும் விருந்துக்கு வாருங்கள்' என்று வாயாலேயே ஓர் அழைப்பும் வைக்கிறான். தபாலை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்ததில் தொடங்கியது அத்தனையும்.

தரகர்: அவன் போனதும் ஜூலியட்டுக்காக அல்ல அண்ணா. அதே பட்டியலில் இருந்த ரோசலினைப் பார்ப்பதற்காக. அந்த ரோசலினும் கேபுலட்டுக்கு நெருங்கிய உறவுக்காரப் பெண். வேறு வீடே அவன் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பகலெல்லாம் அவளுக்காக உருகுகிறான். இரவில் இன்னொருத்தியின் சாளரத்துக்குக் கீழே நிற்கிறான். 'உன் கன்னத்தில் பழைய கண்ணீரின் கறையே இன்னும் போகவில்லையே' என்று லாரன்ஸ் துறவி கேட்கிறாரே, அதைத்தான் நானும் கேட்கிறேன். இப்படி ஒரு வரனை நான் கொண்டுபோனால், பெண் வீட்டுப் படியில் என்னை ஏறவிடுவார்களா?

தபால்காரர்: கேட்டவர் என்ன செய்தார்? 'நிதானமாகப் போ, விரைந்து ஓடுகிறவர்கள் இடறி விழுவார்கள்' என்று காலையில் அறிவுரை சொல்லிவிட்டு, பிற்பகலில் அவரே திருமணத்தை நடத்தி வைத்துவிட்டார்.

தரகர்: இரண்டு குடும்பங்களின் பகையும் இந்தத் திருமணத்தால் அன்பாக மாறிவிடும் என்று கணக்குப் போட்டார். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரு தரப்புக்கும் தெரியாமல் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு, பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கும் தரகர் என் தொழிலில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார். அதிலும் பெண்ணுக்கு 14 வயது நிறையவே இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. நான் அந்த வரனைத் தொட்டிருந்தால், இந்நேரம் உங்களோடு மழைக்கு ஒதுங்கியிருக்க மாட்டேன்; கம்பிக்குப் பின்னால் நனையாமல் இருந்திருப்பேன்.

தபால்காரர்: வயதைக் குறைத்தது ஷேக்ஸ்பியர். அவருக்கு மூலமாக இருந்தது ஆர்தர் புரூக் என்பவர் 1562இல் வெளியிட்ட நீண்ட கவிதை. அதில் பெண்ணுக்கு 16 வயது. கதையும் பல மாதங்கள் நடக்கிறது. இவர் வயதையும் வெட்டி, மாதங்களையும் வெட்டி, ஐந்து நாளுக்குள் திணித்துவிட்டார்.

தரகர்: பார்த்தீர்களா! நான் சொன்னதும் அதுதானே? அவசரம்.

தபால்காரர்: அவசரம்தான், ஆனால் யாருடைய அவசரம் என்பதற்கு வருகிறேன், பொறுங்கள். இரண்டாவது கடிதம், டிபால்ட் எழுதிய சண்டை அறைகூவல். அது மாண்டேக்யூ வீட்டுக்குப் போய்ச் சேருகிறது; விலாசதாரர் இரவெல்லாம் வீட்டுக்கே வரவில்லை. விலாசதாரர் இல்லை என்றால், அப்படிக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும் அல்லவா? யாரும் அனுப்பவில்லை. பதில் வராத டிபால்ட் நேரே தெருவுக்கு வருகிறான். ரோமியோ சற்று முன்புதான் அவனுக்கு உறவினன் ஆகியிருக்கிறான்; அதை வெளியே சொல்லவும் முடியவில்லை, வாளை உருவவும் மனம் வரவில்லை. இடையில் புகுந்த மெர்குஷியோ செத்து விழுகிறான். அதன் பிறகு ரோமியோ டிபால்ட்டைக் கொல்ல, அவனை நாடு கடத்துகிறார்கள்.

தரகர்: இத்தனைக்கும் அந்தக் குடும்பங்களுக்குள் என்னதான் பகை? எந்த இடத்தில் சொன்னார்கள் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தபால்காரர்: சொல்லவே இல்லை. பழம்பகை என்பதோடு சரி. வேலைக்காரர்கள் தெருவில் கட்டைவிரலைக் கடித்துக் காட்டிச் சண்டைக்கு இழுக்கிறார்கள். அதிலும் ஒருவன், 'ஆமாம், உங்களைப் பார்த்துத்தான் கடித்தேன் என்று சொன்னால் சட்டம் நம் பக்கம் இருக்குமா?' என்று பக்கத்தில் இருப்பவனிடம் ஆலோசனை கேட்டுவிட்டு, இருக்காது என்று தெரிந்ததும், 'சும்மாதான் கடித்தேன்' என்கிறான்.

தரகர்: இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அந்த விருந்தில் ரோமியோ முகமூடியோடு வந்திருக்கிறான் என்று டிபால்ட் கண்டுபிடித்துக் குதிக்கும்போது, அவனை அடக்குவது யார்? கேபுலட்! 'நல்ல ஒழுக்கமுள்ள பையன் என்று வெரோனாவே அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறது' என்று பெண்ணின் தந்தையே நற்சான்று வழங்குகிறார். அந்த இடத்தில் ஒரு தரகன் இருந்திருக்க வேண்டும் அண்ணா! சொன்ன வாய் மூடுவதற்குள் ஒரு தாளை நீட்டி, சொன்னதை எழுதி வாங்கியிருப்பேன். மறுநாளே மாண்டேக்யூ வீட்டில் போய், 'உங்கள் பையனைப் பற்றி எதிர் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா' என்று தொடங்கியிருப்பேன். அந்த ஊரில் எல்லாத் தொழிலுக்கும் ஆள் இருந்திருக்கிறார்கள். என் தொழிலுக்குத்தான் ஆள் இல்லை.

தபால்காரர்: செவிலித்தாய் இருந்தாளே?

தரகர்: அவளா? காலை ஒன்பது மணிக்குத் தூது போனவள், அரை மணியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வருகிறாள். வந்த பிறகும், எலும்பு வலிக்கிறது, தலை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று அந்தப் பெண்ணின் உயிரை வாங்குகிறாள். மூச்சு வாங்குகிறது என்று இவ்வளவு நீளமாகச் சொல்ல மூச்சு இருக்கிறதே என்று பெண்ணே கேட்டுவிட்டாள்.

தபால்காரர்: இருக்கட்டும். தாமதமானாலும், சேதியை உரியவரிடம் உரியபடி சேர்த்தாள். இந்த நாடகத்தில் ஒழுங்காகப் பட்டுவாடா செய்த ஒரே ஆள் அவள்தான் என்பதால், அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். மூன்றாவது கடிதத்துக்கு வருவோம்.

(தபால்காரர் குரலைச் செருமிக்கொள்கிறார். தரகர் தூணில் சாய்ந்து வசதியாக நிற்கிறார். மழை இப்போதைக்கு விடுவதாக இல்லை.)

தபால்காரர்: பாரிஸோடு வீட்டார் முடிவு செய்த திருமணத்திலிருந்து தப்ப, லாரன்ஸ் துறவி கொடுத்த மருந்தை ஜூலியட் குடிக்கிறாள்; அது அவளை 42 மணி நேரம் பிணம் போலக் கிடத்தும், விழிக்கும்போது ரோமியோ பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கு நாடு கடத்தப்பட்டு மாண்டுவா நகரத்தில் இருக்கும் அவனுக்குக் கடிதம் போக வேண்டும். ரோமியோவின் ஆள் மூலமாகத்தான் அவ்வப்போது சேதி அனுப்புவேன் என்று லாரன்ஸ் துறவி முன்பே சொல்லியிருந்தார். அந்த ஆள், பல்தாசர், வழி தெரிந்தவன், விலாசம் தெரிந்தவன். ஆனால் உயிர் போகிற கடிதத்தை அவனிடம் கொடுக்காமல், ஜான் துறவியிடம் கொடுத்தார். ஜான் துறவிக்குத் துணை இல்லாமல் போக மனமில்லை. நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்த இன்னொரு துறவியைத் தேடிப் போகிறார். அங்கே கொள்ளை நோய் இருக்கிறது என்று சந்தேகப்பட்ட அதிகாரிகள், இருவரையும் உள்ளே வைத்துக் கதவை அடைத்து முத்திரை வைத்துவிடுகிறார்கள். கடிதம் வெரோனாவை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை, தம்பி! இதற்கிடையில் பல்தாசர் தானாகவே குதிரையேறி, ஜூலியட் இறந்துவிட்டாள் என்ற தவறான சேதியைச் சிட்டாகப் பறந்து போய்ச் சேர்த்துவிட்டான். ரோமியோ அவனிடம், 'துறவியிடமிருந்து எனக்குக் கடிதம் இல்லையா?' என்று ஒருமுறையல்ல, இருமுறை கேட்கிறான். இல்லை என்றதும், 'பரவாயில்லை' என்கிறான். இத்தனை ஆண்டு வாசல் வாசலாகப் போய், 'கடிதம் இல்லை' என்று எத்தனையோ முகங்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்டபோது எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

தரகர்: அதற்குத்தான் சொல்கிறேன், அவசரக்காரன். ஒரு நாள் பொறுத்திருந்து விசாரித்திருந்தால் என்ன? உடனே 40 டியூகட் பொன் கொடுத்து, விஷம் விற்றால் மரண தண்டனை என்று சட்டம் உள்ள ஊரில் ஒரு மருந்துக்காரனைத் தேடிப் பிடித்து விஷம் வாங்குகிறான்.

தபால்காரர்: அந்த ஒரு நாள் எங்கே போனது என்று கேளுங்கள். நீங்கள் தரகர்தானே, திருமண நாளைக் கணக்குப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பாரிஸ் வந்து பெண் கேட்டபோது கேபுலட் என்ன சொன்னார்?

தரகர்: இன்னும் இரண்டு கோடைக்காலம் போகட்டும், அவள் சிறுமி என்றார். மிக நல்ல தந்தை என்று நானே மெச்சிக்கொண்டேன்.

தபால்காரர்: திங்கட்கிழமை இரவு?

தரகர்: புதன்கிழமை மிகவும் கிட்டத்தில் இருக்கிறது, ஆகவே வியாழக்கிழமை... (நிறுத்துகிறார்.) இரண்டு ஆண்டை மூன்று நாளாக்கிவிட்டாரே!

தபால்காரர்: பெண் மறுத்ததும், தெருவில் பட்டினி கிடந்து சாகும்படி சபிக்கிறார். செவ்வாய்க்கிழமை அவள் துறவியிடம் போய்த் திட்டத்தோடு திரும்பி, சம்மதிப்பது போல் நடித்து மன்னிப்புக் கேட்கிறாள். பாவம், அவள் கேட்டதில்தான் வினை. மகிழ்ச்சி தாங்காத தந்தை, திருமணத்தை நாளைக்கே, புதன்கிழமைக்கே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். பொருள்கள் போதாது, பொழுதும் சாய்ந்துவிட்டது, வியாழனே போதும் என்று மனைவி சொல்கிறாள். நீ போய் மகளைக் கவனி, இன்றிரவு நானே வீட்டுக்காரியாக இருந்து எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தக் கிழவர் விடிய விடிய சமையலறையைச் சுற்றி வருகிறார். புதன் இரவு குடிக்க வேண்டிய மருந்தை ஜூலியட் செவ்வாய் இரவே குடிக்க வேண்டியதாயிற்று. கடிதத்துக்கு இருந்த ஒரு நாள் அங்கேதான் போயிற்று.

தரகர்: (நெற்றியில் அடித்துக்கொண்டு) பந்தல் போடுவதற்குள் பெண்ணின் அப்பாக்கள் நாளை முன்னுக்கு இழுத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பழியைச் சிறுவர்கள் மேல் போட்டுவிட்டேனே! அந்தச் சாளரத்தில் நின்றுகொண்டு, 'இது மிகவும் அவசரமாக, யோசனையில்லாமல், திடீரென்று நடக்கிறது' என்று சொன்னது யார் தெரியுமா? 14 வயது நிறையாத அந்தப் பெண்தான். நாடகத்தில் அவசரத்தை அவசரம் என்று உணர்ந்து சொன்னவளும் அவள்தான். நரைத்த தலைகளில் துறவி ஒருவர் சொன்னார், அவரும் மத்தியானத்துக்குள் மறந்துவிட்டார்.

தபால்காரர்: ஆனால், நாளைக்கே ஆளை அனுப்புகிறேன், திருமணம் என்றால் எங்கே எப்போது என்று சொல்லி அனுப்பு என்று அடுத்த சில வரிகளில் சொன்னவளும் அவள்தான்.

தரகர்: அது வேறு அண்ணா. தரகர் இல்லாத ஊரில் பெண்ணே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த நான்காவது கடிதம் எது?

தபால்காரர்: ரோமியோ சாகும் முன் தன் தந்தைக்கு எழுதி, விடியற்காலையில் கொடுக்கும்படி பல்தாசரிடம் ஒப்படைத்தது. அது மட்டும் பத்திரமாக வந்து சேருகிறது. ஆனால் அதை வாங்கிப் பிரித்துப் படிப்பவர் தந்தை அல்ல, அரசர். பிறர் தபாலைப் பிரிக்கலாமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

தரகர்: அதைப் படித்த பிறகுதானே இரண்டு தந்தையரும் கைகுலுக்குகிறார்கள். 'உங்கள் கையைக் கொடுங்கள், என் மகளுக்கு உங்கள் வீட்டிலிருந்து வரவேண்டியது இதுதான், இதற்கு மேல் நான் கேட்க முடியாது' என்கிறார் கேபுலட். இல்லை, இன்னும் தருவேன், ஜூலியட்டுக்குப் பசும்பொன்னில் சிலை வைப்பேன் என்கிறார் மாண்டேக்யூ. அப்படியானால் ரோமியோவுக்கும் அதற்குச் சமமாக ஒரு சிலை என்கிறார் இவர். ஒரு வார்த்தை தடித்துப் பேசாமல், இவ்வளவு தாராளமாகக் கொடுக்கல் வாங்கல் முடிந்த சம்பந்தத்தை நான் கண்டதில்லை. மணமக்கள்தான் இல்லை.

(மழை சற்றுக் குறைகிறது. இருவரும் குடையை விரிக்கிறார்கள்.)

தபால்காரர்: அந்த முன்னுரையில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லண்டனில், ஜேம்ஸ் ஹோவர்ட் என்பவர் ரோமியோவும் ஜூலியட்டும் பிழைத்துக்கொள்வதாக முடிவை மாற்றி எழுதினாராம். ஒரு நாள் அவர்கள் சாகிற நாடகம், மறுநாள் அவர்கள் பிழைக்கிற நாடகம் என்று மாற்றி மாற்றி நடத்தினார்களாம். அந்த அரங்கில் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஜான் டவுன்ஸ் என்பவர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

தரகர்: அப்படியா! நம் ஊர்க் குழுவினரையும் அப்படி நடத்தச் சொல்லுங்கள் அண்ணா. பிழைக்கிற நாளுக்கு நான் குடும்பத்தோடு வருகிறேன்.

தபால்காரர்: எந்தக் கிழமை என்று முன்கூட்டியே கேட்டு, கடிதம் எழுதிவிடுகிறேன்.

தரகர்: கடிதமா? வேண்டவே வேண்டாம், நேரில் வந்து சொல்லுங்கள். கிழமையை மட்டும் ஒருமுறை வியாழன் என்று முடிவு செய்துவிட்டால், யார் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தாலும் அதைப் புதனாக்க விடாதீர்கள்.